லாக் விளக்கு மினுங்குகிறது: கிருஷ்ணகிரி கல் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருந்து பர்கூர் போகும் வழியில் கிரானைட் பட்டறை வைத்திருக்கிறேன். சாமி உருவம், நினைவுக் கல், பெயர்ப்பலகை எல்லாம் கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சிஎன்சி ரூட்டரில்தான் வெட்டுகிறோம். 2016-ல் மெஷின் வாங்கியபோது டிசைன் சாஃப்ட்வேரையும், செருகியிருந்தால்தான் அது ஓடும் யூஎஸ்பி லாக்கையும் டீலரே கொடுத்தார். அவர் இப்போது கடையை மூடிவிட்டார். இரண்டு மாதமாக லாக்கின் விளக்கு மினுங்குகிறது. அசைத்து வைத்தால் ஓடும், திடீரென்று ‘கீ கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. டிசைன் போடும் தம்பி இரவில் வீட்டில் வேலை பார்க்க லாக்கை பைக் சாவியோடு மாட்டிக்கொண்டு போகிறார். டவுனில் ஒருவர் 6,000 ரூபாய்க்கு டூப்ளிகேட் லாக் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? தொலைந்துபோனால் மறுபடி முழு விலை கொடுக்க வேண்டுமா? புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா?

பதில்: முழுதும் நின்றுபோவதற்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள். அதனால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, செய்யவும் முடியும். ரிப்பேரைப் பற்றி யோசிப்பதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலையை முடித்துவிடுங்கள்.

லாக் எந்த நிலையில் வைத்தால் ஓடுகிறதோ அந்த நிலையில் விட்டு, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓடும் நேரத்தில், இதுவரை போட்ட டிசைன்களை பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் திறக்கக்கூடிய வடிவங்களுக்கு மாற்றி எடுங்கள். புடைப்பு உருவங்களை எஸ்டிஎல் ஆகவும், கோட்டு வரைபடங்களையும் எழுத்துகளையும் டிஎக்ஸ்எஃப் ஆகவும், வெட்டும் பாதைகளை ஜி-கோடு ஆகவும் சேமிக்க வேண்டும். உங்கள் சாஃப்ட்வேரின் சொந்த வடிவத்தில் மட்டும் கோப்புகள் இருந்தால், லாக் செத்த அன்று பத்து வருட உழைப்பும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஜி-கோடு எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், எத்தனை மி.மீ. விட்டம், கல்லின் கனம் எவ்வளவு, பூஜ்யப் புள்ளி எந்த மூலையில் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரி இல்லாத ஜி-கோடை ஆறு மாதம் கழித்து ஓட்டினால் டூல் உடையும், அல்லது கல் வீணாகும்.

அதோடு போஸ்ட் ப்ராசஸர் கோப்பையும் எடுங்கள். உங்கள் மெஷினின் கன்ட்ரோலருக்குப் புரிகிற மொழியில் ஜி-கோடை எழுதித் தருவது அதுதான். மெஷின் பொருத்தும்போது டீலரின் ஆள் அதில் கைவைத்து மாற்றியிருப்பார். டீலரே இல்லாத நிலையில் அதை மறுபடி எழுத ஆள் தேடுவது பெரிய பாடு. டூல் பட்டியல், சாஃப்ட்வேரின் இன்ஸ்டால் சிடி, லைசென்ஸ் கோப்பு என்று தனியாக ஏதும் இருந்தால் அதுவும் சேரட்டும். எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் பதிந்து, ஒன்றைப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். முடிந்தால் அந்த விண்டோஸ் 7 டிஸ்க் முழுவதையும் அப்படியே இமேஜ் எடுத்துவிடுவது இன்னும் நல்லது. இமேஜ் லாக்குக்கு மாற்று ஆகாது. ஆனால் கம்ப்யூட்டர் போய் லாக் மட்டும் மிஞ்சினால், மறுநாளே வேலை தொடங்க அது போதும்.

அடுத்து, லாக்கின் அடையாளம். எல்லா லாக்கும் ஒரே கம்பெனி செய்தது அல்ல. டிவைஸ் மேனேஜரில் அதன் பெயரை இரண்டு முறை அழுத்தி, ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைப் பாருங்கள். விஐடி (செய்த நிறுவனத்தைக் காட்டும் எண்) என்பதற்குப் பக்கத்தில் 0529 என்றிருந்தால் அது ஹாஸ்ப் அல்லது சென்டினல் எச்எல் வகை. இஸ்ரேலின் அலாதின் நிறுவனம் உருவாக்கியது, இன்று தாலெஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 064எஃப் என்றால் ஜெர்மனியின் விபூ நிறுவனத்தின் லாக். 04பி9 என்றால் பழைய சென்டினல் சூப்பர்ப்ரோ குடும்பம். ஹாஸ்ப் வகையானால் பிரவுசரில் 127.0.0.1:1947 என்று தட்டுங்கள். இன்டர்நெட் தேவையில்லை, அது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் பக்கம். அதில் லாக்கின் கீ ஐடி எண் தெரியும். விபூ வகைக்குப் புதிய பதிப்புகளில் 127.0.0.1:22352. அந்த எண்ணை எழுதி, திரையைப் படம் பிடித்து, லாக்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஹாஸ்ப் வகைக்கு லைசென்ஸ் அப்டேட் செய்யும் சிறு நிரலை சாஃப்ட்வேர் நிறுவனம் கொடுத்திருந்தால், அதை வைத்து சி2வி என்ற கோப்பை எடுத்து வைக்கலாம். விபூவில் இதற்கு ஈடானது ரிக்வெஸ்ட் கோப்பு. இதை வைத்து நீங்களாக வேறு லாக் செய்துகொள்ள முடியாது. ஆனால் உள்ளே என்ன உரிமம் இருந்தது என்பதை நிறுவனம் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். லாக் உயிரோடு இருக்கும்போது மட்டுமே எடுக்க முடிகிற கோப்பு இது.

இனி மினுங்கல். அசைத்தால் ஓடுகிறது என்கிறீர்கள். சாவிக் கொத்தில் தொங்கி, பைக்கில் அதிர்ந்து, தினம் இரண்டு முறை செருகி எடுக்கப்படும் லாக்கில் முதலில் விட்டுப்போவது பிளக்கின் சால்டர்தான். யூஎஸ்பி பிளக்கில் நான்கு முனைகள்: 5 வோல்ட், இரண்டு டேட்டா, ஒரு கிரவுண்ட். பிளக்கின் தகரக் கூடு போர்டோடு இரண்டு காதுகளால் பிடித்திருக்கும். காது தளர்ந்ததும் பாரம் முழுவதும் அந்த நான்கு மெல்லிய முனைகளுக்கு வந்து, மயிரிழை விரிசல் விழும். ஆனாலும் பழியை லாக் மேல் போடுவதற்கு முன் கம்ப்யூட்டர் பக்கத்தைச் சோதியுங்கள். ஹப், முன்பக்க போர்ட் வேண்டாம். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நேராகச் செருகுங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலும் மினுங்கினால் கோளாறு லாக்கில்தான். அங்கே நிலையாக எரிந்தால் உங்கள் போர்ட் தேய்ந்திருக்கும், அல்லது கல் தூசி அடைத்திருக்கும். ஈரம் பட்ட கிரானைட் தூசி போர்ட்டுக்குள் காய்ந்து இறுகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். சிறிய யூஎஸ்பி டெஸ்டர் ஒன்று இருந்தால் போர்ட்டின் வோல்டேஜையும் பார்த்துவிடலாம். 4.75-க்குக் கீழே காட்டினால் பவர் சப்ளை பக்கம் சந்தேகப்படுங்கள்.

ஹாஸ்ப் வகையில் பிழை எண்ணும் நிறையச் சொல்லும். 7 என்றால் லாக்கே கண்ணில் படவில்லை. 33 என்றால் லாக்கைப் பேசவைக்கும் ரன்டைம் சேவை ஓடவில்லை, பெரும்பாலும் ஆன்டிவைரஸோ யாரோ நிறுத்திய சர்வீஸோ காரணம். 31 என்றால் லாக் இருக்கிறது, கேட்ட உரிமம் அதில் இல்லை. 41 காலாவதி. கம்ப்யூட்டரின் தேதி பின்னால் போய்விட்டாலும் காலவரம்புள்ள உரிமங்கள் முரண்டு பிடிக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் அது சரியாகும். உங்களுக்கு 7 வந்து, அசைத்தால் போய்விடுகிறது என்றால் விரிசல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சால்டர் வைத்துவிடலாமா? இப்போது வேண்டாம். பல நிறுவனங்களின் நடைமுறை இது: உடைந்த லாக்கைத் திருப்பி அனுப்பினால், ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்று லாக் தருவார்கள். தொலைந்த லாக்குக்குப் புது உரிமத்தின் முழு விலை கேட்பார்கள். காரணம் எளிது. தொலைந்ததாகச் சொல்லப்படும் லாக் வேறொரு பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதைத் தூரத்திலிருந்து அணைக்க அவர்களால் முடிவதில்லை. உடைந்த லாக் கைக்கு வந்துவிட்டால் அந்தச் சந்தேகம் இல்லை. ஆகவே உங்களிடம் இருக்கும் அந்தப் பழுதான பிளாஸ்டிக் துண்டுதான் இப்போதைக்கு உங்கள் உரிமம். கூட்டைப் பிளந்து சால்டர் வைத்த லாக்கை நிறுவனம் ஏற்க மறுக்கலாம். முதலில் கேட்டுவிடுங்கள். நிறுவனமே இல்லை, அல்லது கைவிரித்துவிட்டது என்றால் மட்டும் திறக்கலாம். அதற்கும் மொபைல் கடையின் ஹாட் ஏர் கூடாது. எர்த் உள்ள, வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய அயர்னில் 350 டிகிரிக்கு மேல் போகாமல், ஒரு முனைக்கு 2, 3 நொடி. முதலில் இரண்டு காதுகளை இறுக்கிவிட்டு, பிறகு நான்கு முனைகள். கூட்டுக்குள் எப்பாக்ஸி ஊற்றி அடைத்திருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அதைச் சுரண்டினால் சிப் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது விளக்கு அல்ல, ‘டீலரே கொடுத்தார்’ என்ற சொல். 2016-ல் வாங்கியது என்றால் அது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் பில். அதை எடுத்துப் பாருங்கள். ‘சிஎன்சி மெஷின், உதிரிகளுடன்’ என்று ஒரே வரி இருக்கிறதா, சாஃப்ட்வேரின் பெயர், பதிப்பு, லாக்கின் எண் தனியாக இருக்கிறதா? பல பட்டறைகளில் முதல் வகைதான் இருக்கும். அதைவிட முக்கியம், சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த லாக் யார் பெயரில் இருக்கிறது என்பது. டீலர் பெயரிலேயே பதிவாகி, கடைசிவரை மாற்றாமல் விட்டிருந்தால், நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. பத்து வருடமாக அந்த லாக் உங்கள் மேசையில் இருந்தது என்பது அங்கே கணக்கில் வராது. லாக் ஓடும்போது இந்தப் பெயர் மாற்றத்தைக் கேட்பது சாதாரண அலுவலக வேலை. செத்த பிறகு கேட்டால் வழக்குப் போல ஆகிவிடும்.

எனவே தலைமை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வெளிநாட்டு நிறுவனமானால் ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுங்கள். சாஃப்ட்வேரின் பெயரும் பதிப்பும், கீ ஐடி, வாங்கிய தேதி, டீலரின் பெயர், அவர் தொழிலை நிறுத்திவிட்டார் என்ற தகவல் வேண்டும். பில், லாக்கின் போட்டோ, சி2வி கோப்பு இணைப்பாகப் போகட்டும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: பதிவில் இந்த லாக் யார் பெயரில் இருக்கிறது, அதை என் நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற என்ன தர வேண்டும், பழுதான லாக்கை மாற்றக் கட்டணம் எவ்வளவு? லாக் பயணத்தில் இருக்கும் நாட்களுக்குத் தற்காலிக உரிமம் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில நிறுவனங்கள் தருகின்றன, கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை. போனில் பேசினாலும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். பழைய டீலரின் செல் எண் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். ‘இந்த எண்ணுள்ள லாக்கை இன்னாருக்கு விற்றோம்’ என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அதற்கு மதிப்பு உண்டு.

நிறுவனமே கைமாறியிருக்கலாம். கல், மரம் செதுக்குவோருக்குப் பழக்கமான ஆர்ட்கேம் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டெல்கேம் அதைச் செய்தது. டெல்கேமை ஆட்டோடெஸ்க் 2014-ல் வாங்கியது, 2018-ல் ஆர்ட்கேமை நிறுத்தியது. பின்னர் அதே நிரலை அடிப்படையாகக் கொண்டு கார்வெக்கோ வந்தது. இப்படி ஒரு சங்கிலியில் இன்று பொறுப்பு யாரிடம் என்று தேடிப் பிடித்துத்தான் எழுத வேண்டும். தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும். இசைக்கூடங்கள் பயன்படுத்தும் கியூபேஸின் பழைய பதிப்புகளுக்கு இலைசென்சர் என்ற யூஎஸ்பி லாக் இருந்தது. அதற்கான சேவையை, கியூபேஸைச் செய்யும் ஸ்டைன்பெர்க் 2025 மே மாதம் நிறுத்திவிட்டது. கையில் உள்ள லாக் ஓடும்வரை ஓடும், உடைந்தால் உரிமத்தை வேறு லாக்குக்கு மாற்றித்தர அங்கே சேவை இல்லை.

இப்போது 6,000 ரூபாய் டூப்ளிகேட். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன், காரணங்களோடு. அவர் தரப்போவது இன்னொரு லாக் அல்ல, லாக் இருப்பதுபோல் நடிக்கும் எமுலேட்டர் ட்ரைவர். அதற்கு முறையான கையொப்பம் இருக்காது என்பதால், விண்டோஸை டெஸ்ட் மோடில் போட வேண்டும், ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். உங்கள் மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில், யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு விண்டோஸின் உள்மையமான கர்னல்வரை கதவு திறந்துவிடுகிறீர்கள். டிசைன்கள் எல்லாம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் போவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. தொழில்நுட்பத்திலும் உறுதி இல்லை. பழைய லாக்குகளில் நினைவகத்தைப் படித்து எடுத்தால் போதும். புதியவை உள்ளேயே ரகசியச் சாவியை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் தருபவை, அந்தச் சாவி வெளியே வராது. இன்று ஓடினாலும் சாஃப்ட்வேரை ஒருமுறை அப்டேட் செய்ததும் நின்றுவிடலாம். இன்னொன்று: ஓர் இரவுக்கு லாக்கை அவரிடம் கொடுத்தால், அதன் நகல் உங்களிடம் மட்டும் இருக்கும் என்று யார் உறுதி தருவது? அதே கீ ஐடி நாலு ஊரில் ஓடுவதை நிறுவனம் கண்டுபிடித்தால், தடைப்பட்டியலில் ஏறுவது உங்கள் எண்.

சட்டம் வேறு இருக்கிறது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் காப்பாக நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. டூப்ளிகேட் விற்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு வருடம்வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம்வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். உங்கள் நோக்கம் நேர்மையானதுதான். ஆனால் உரிமம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதற்கே தாள் இல்லாத நிலையில், அந்த நேர்மையை எப்படி நிரூபிப்பீர்கள்? நிறுவனம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டும் இந்தப் பேச்சை எடுங்கள்.

புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம், அவசரப்படாமல். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவை நிறுத்திவிட்டது. வாங்கினால் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்தான் வாங்குவீர்கள். அதில் முறையான கையொப்பமுள்ள 64-பிட் ட்ரைவர் மட்டுமே ஏறும், பழைய சிடியில் இருக்கும் ட்ரைவர் ஆகாது. லாக்கைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய ரன்டைமை இறக்கி, லாக்கைச் செருகாமல் அதை நிறுவி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பிறகு செருகுங்கள். ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற விண்டோஸ் பாதுகாப்பு ட்ரைவரைத் தடுத்தால் அதை அணைக்காதீர்கள், புதிய ட்ரைவரைத் தேடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை மட்டும் அணைத்துவிடலாம், வேலை நடுவில் லாக் தூங்கிப்போவதை அது தடுக்கும். சாஃப்ட்வேரே விண்டோஸ் 11-ல் ஓடாவிட்டால், அதற்குள் தனிக் கம்ப்யூட்டர்போல் ஓடும் விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் 7 போட்டு யூஎஸ்பியை அதற்குத் திருப்பிவிடலாம். சில சாஃப்ட்வேர்கள் விர்ச்சுவல் மெஷினை ஏற்பதில்லை, சோதித்துப் பாருங்கள். எப்படியானாலும் பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள். இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கி வையுங்கள்.

தம்பி லாக்கை எடுத்துப் போவது இன்றோடு நிற்கட்டும். அரை மீட்டர் நல்ல எக்ஸ்டென்ஷன் கேபிளின் நுனியில் லாக்கைச் செருகி, கம்ப்யூட்டர் மேசைக்குள் ஒரு சிறிய தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இனி தேய்வது கேபிள்தான், லாக் அல்ல. அந்தக் கம்ப்யூட்டர் மெஷினுக்குப் பக்கத்தில் இல்லாமல், டிசைன் அறையில் இருப்பது நல்லது. தண்ணீர் ஓடும் மெஷின், ஸ்பிண்டில் டிரைவ், கோடை இடி மூன்றும் சேர்ந்த இடத்தில் எர்த் சரியில்லை என்றால், அதிர்ச்சி யூஎஸ்பி வழியாக லாக்குக்கு வரும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தம்பி வீட்டில் செய்யும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். எழுத்தும் கோட்டு வரைபடமும் இங்க்ஸ்கேப்பில், உருவ வேலை பிளெண்டரில். இரண்டும் இலவசம், லாக் வேண்டாம். வெட்டும் பாதையைப் பட்டறையில் போட்டுக்கொள்ளட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டிலிருந்து திறந்தால் ஹாஸ்ப் பல சமயம் 27 என்ற பிழையைக் காட்டும், அது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த தடை.

ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதே மேசையில் இருந்தால், இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். டோக்கன் போனால் பழையதை ரத்து செய்து புதிது வாங்கிக்கொள்ளலாம். லாக்குக்கு அந்த வசதி இல்லை.

தொலைந்தே போனால்: திருட்டு என்றால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர்., கைதவறியது என்றால் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது. இரண்டிலும் லாக்கின் பெயரும் கீ ஐடியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ‘பென் டிரைவ்’ என்று எழுதிவிடப் போகிறார்கள். அந்த நகலோடு நிறுவனத்துக்கு எழுதினால், முழு விலையில் ஏதாவது குறைத்துத்தரச் சொல்லிக் கேட்கவாவது ஓர் ஆதாரம் இருக்கும். பட்டறைக்கு எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் இன்சூரன்ஸ் இருந்தால், லாக்கைத் தனி வரியாகச் சேருங்கள். மதிப்பு என்ற இடத்தில் பிளாஸ்டிக்கின் விலையைப் போடாமல், அதே உரிமத்தை இன்று வாங்கினால் ஆகும் விலையைப் போடச் சொல்லுங்கள். உடைவது, தீ, திருட்டு, காரணம் தெரியாமல் காணாமல் போவது இந்த நான்கில் எவை சேரும், எவை சேராது என்று ஏஜென்டிடம் வாய்வார்த்தையாக அல்ல, நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நான்காவது பெரும்பாலும் சேராது. அதனால்தான் அந்தத் தகரப் பெட்டியின் பூட்டும், சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதும் ஒரு சிறிய நோட்டும் வேண்டும்.